வெட்டிய நாற்பத்தேழு நொடிகள்

நான் வெட்டி எறிந்தது நாற்பத்தேழு நொடிகள். ஏன் வெட்டினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

எங்கள் வயல் கட்டுக்கரைக் குளத்து வாய்க்காலை ஒட்டியது. குளத்தில் தண்ணீர் குறைந்தால், வாய்க்காலில் கிடக்கும் மிச்சத்தைத் தண்ணீர் மெசின் வைத்து வயலுக்கு ஏற்றுவோம். பெற்றோலில் ஓடும் சின்ன மெசின். ஓர் ஆள் தூக்கிக்கொண்டு நடக்கலாம். எங்கள் ஊரில் அது இல்லாத வீடு குறைவு. அது எப்படித் தண்ணீரை எடுக்கிறது என்று யாரைக் கேட்டாலும் “உறிஞ்சுது” என்பார்கள். பிழை. இந்த ஒரு பிழையைத் திருத்தத்தான் நான் யூடியூப் சனலே தொடங்கினேன்.

மெசின் உறிஞ்சுவதில்லை. குழாய்க்குள் இருக்கும் காற்றை அது வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். குழாய்க்குள் காற்று குறைந்ததும், வெளியே வாய்க்கால் தண்ணீரின் மேல் உட்கார்ந்திருக்கும் காற்று தன் பாரத்தால் தண்ணீரைக் குழாய்க்குள் அமுக்கி ஏற்றுகிறது. தண்ணீரை மேலே அனுப்புவது நம் தலைக்கு மேல் இருக்கும் முழுக் காற்றும்தான். ஆனால் அதன் பாரத்துக்கும் ஓர் அளவு உண்டு. நடைமுறையில் இருபத்தைந்து அடிக்கு மேல் அதால் தண்ணீரை ஏற்ற முடியாது. எவ்வளவு விலையான மெசினாக இருந்தாலும் முடியாது.

இதை நினைக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். என் கணவர் கீர்த்தனன் அதைப் பார்த்துச் சிரிப்பார்.

“ஊரில பொம்பிளையள் சமையல் வீடியோ போடுறாளுகள். நீ காத்து நிறுக்கப் போறாய்.”

“நீங்கள் போனைப் பிடியுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

அவர் பிடித்தால் கை ஆடியது. அதனால் ஒரு கதிரையை வரம்பில் வைத்து, அதன் முதுகில் என் தலைமுடி றப்பர்களால் போனைக் கட்டினோம். கதிரை சேற்றில் மெல்ல இறங்கியது. முதல் முயற்சியில் படம் தொடங்கும்போது என் முகம் தெரியும். முடியும்போது வயிறு மட்டும்தான். கதிரையின் நாலு காலுக்கும் கீழே பலகை வைத்தோம். பிறகு வெயில் என் கண்ணைச் சுருக்கியது. வெயில் ஏறுமுன் எடுக்கலாம் என்று காலை ஆறு மணிக்குப் போனோம். வெளிச்சம் அழகாக வந்தது. ஆனால் ஒன்பது மணிக்குத் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

போனின் ஒலிவாங்கி ஒரு சின்னத் துளை. பேச்சு அதற்குள் மெல்லிய அதிர்வாகப் போகிறது. காற்று அதே துளைக்குள் அறைகிறது. அறைவதுதான் பெரிதாகப் பதிவாகும். கடைசியாக எடுத்த, ஆனால் நடுவில் வரவேண்டிய துண்டில் என் வாய் அசைகிறது, கேட்பது “உர்ர்ர்” மட்டும். அந்தத் துண்டு நாற்பத்தேழு நொடி.

அதில் நான் சொன்னது இதுதான்: மெசினைத் தண்ணீருக்குக் கிட்டக் கொண்டு போகலாம், ஆனால் பெற்றோல் மெசினை ஒருநாளும் கிணற்றுக்குள் இறக்கக்கூடாது, அதன் புகை கிணற்றை விட்டு ஏறாது, ஆளைக் கொல்லும், ஆழக் கிணற்றுக்கு மின்மோட்டர்தான்.

திரும்ப எடுத்திருக்கலாம். மெசினை அதற்குள் பக்கத்து வயலுக்குக் கொடுத்துவிட்டோம். எனக்கும் பொறுமை இல்லை. யார் மெசினைக் கிணற்றுக்குள் இறக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நாங்கள் வாய்க்கால் ஆட்கள். எங்கள் மெசின் எப்போதும் வெட்டவெளியில், வரம்பின் மேல் நிற்கும். புகை தன்பாட்டில் போய்விடும். அந்த எச்சரிக்கையே ஒழுங்குக்காகச் சொன்னதுதான். போனிலேயே வெட்டினேன். இரண்டு பக்கத்தையும் இணைத்துப் பார்த்தபோது வெட்டே தெரியவில்லை. முன்னும் பின்னும் நான் ஒரே இடத்தில், ஒரே மாதிரி மெசினில் கை வைத்து நின்றேன். எவ்வளவு பெருமைப்பட்டேன்! கீர்த்தனனைக் கூப்பிட்டு, எங்கே வெட்டியிருக்கிறேன் சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்டேன். அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

முதல் மூன்று நாளில் ஒன்பது பேர் பார்த்தார்கள். அதில் நான்கு பேர் என் தங்கை. பிறகு யாரோ ஒரு விவசாயிகள் குழுவில் போட்டுவிட, எண் ஏறத் தொடங்கியது. எட்டாம் நாள் காலை ஏழு மணிக்குக் கொஞ்சம் முன், தேநீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கையில், என் தங்கை அல்லாத ஒருவர் எழுதிய முதல் கருத்தைப் பார்த்தேன். சத்தமாக வாசித்தேன்.

“அக்கா ரொம்ப தெளிவா சொன்னீங்க. ரெண்டு வருசமா கெணத்துத் தண்ணி ஏறலைன்னு மெசினைக் குத்தம் சொல்லிக்கிட்டு இருந்தோம். எங்க கெணறு முப்பத்தி நாலு அடி. நாளைக்குக் காலைல நானும் தம்பியும் மெசின உள்ள எறக்கப் போறோம். யோகநாதன், இலுப்பைக்கடவை.”

“பாத்தீங்களோ?” என்றேன். “ஒராளுக்கு விளங்கியிருக்கு!”

கீர்த்தனன் சட்டையைப் போட்டுக்கொண்டே கேட்டார். “எங்க இறக்கப் போறார்?”

“கிணத்துக்குள்ள.”

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

வீடியோவைப் போட்டேன். இந்த முறை நான் நானாகப் பார்க்கவில்லை. முப்பத்து நான்கு அடிக் கிணறு வைத்திருக்கும் ஒருவராகப் பார்த்தேன். திரையில் நான் சிரித்துக்கொண்டு சொல்கிறேன்: “தண்ணி மெசினிட்ட வராது. மெசினைத்தான் தண்ணியிட்டக் கொண்டு போகோணும்.” அடுத்த நொடி, வெட்டுத் தெரியாமல்: “ஸ்டார்ட் பண்ணிப்போட்டு விட்டிட்டுப் போயிடாதேங்கோ. அஞ்சு நிமிசம் பக்கத்திலயே நிண்டு காது குடுத்துக் கேளுங்கோ. சத்தம் சீராகும் வரைக்கும் அசையக்கூடாது.”

வாய்க்கால் கரையில் அது நல்ல அறிவுரை. கிணற்றுக்குள் அது ஒருவரைக் கொல்வதற்கான செய்முறை.

புகையில் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மணமில்லை, நிறமில்லை. நம் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தால் இலகுவில் எழும்பாது. மூச்சுத் திணறுவதுபோலக்கூடத் தெரியாது. களைப்பாக இருக்கும், தலை இடிக்கும், கொஞ்சம் இருந்துவிட்டு ஏறலாம் என்று தோன்றும். பிறகு கால் எழும்பாது.

“எப்ப எழுதினது?” என்று கேட்டார் கீர்த்தனன்.

“பதின்மூண்டு மணித்தியாலத்துக்கு முந்தி. நேற்றுப் பின்னேரம். அவர் சொன்ன நாளை இண்டைக்கு.”

கருத்தின் கீழே எழுதினேன்: “இறக்காதேங்கோ. புகையில செத்துப்போவீங்கள். உடனே இந்த நம்பருக்கு எடுங்கோ.” என் நம்பரைப் போட்டேன். பதில் இல்லை. இன்னொரு தடவை எழுதினேன். பதில் இல்லை.

“வீடியோவை அழி,” என்றார்.

“அழிச்சா அவற்ற கருத்தும் அழியும். நான் எழுதினதும் அழியும். அந்த மனிசனுக்கும் எனக்கும் நடுவில இருக்கிறது இது ஒண்டுதான்.” அவர் பார்க்க வேண்டியதை ஏற்கெனவே பார்த்துவிட்டார். அழிப்பதால் அவர் தலைக்குள் இருப்பது அழியாது. வீடியோவை மட்டும் மறைத்து வைக்கவும் வழியுண்டு என்பது அந்த நேரம் எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் செய்தேன்: தலைப்பை “பெற்றோல் மெசினைக் கிணற்றுக்குள் இறக்க வேண்டாம்” என்று மாற்றினேன். அவசரத்தில் எழுத்து மூன்று தடவை பிழைத்தது.

அடுப்பை அணைத்தேனா என்று நினைவில்லை. கீர்த்தனன் மோட்டார் சைக்கிளை எடுத்திருந்தார்.

எங்கள் ஊரிலிருந்து இலுப்பைக்கடவைக்கு முக்கால் மணி நேரம். மன்னார் பூநகரி வீதியில் ஏறியதும் காற்று எங்களைப் பக்கவாட்டில் தள்ளியது. பின்னால் இருந்து போனைத் திறந்து திறந்து பார்த்தேன். பதில் இல்லை. பார்த்தவர்களின் எண் மட்டும் கூடிக்கொண்டிருந்தது. இருநூற்றுத் தொண்ணூறு. இருநூற்றுத் தொண்ணூற்றாறு. எட்டு நாளாக அந்த எண் கூடவேண்டுமென்று காலையும் மாலையும் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

“ஊருக்குப் போய் எங்கயெண்டு தேடுறது?” கீர்த்தனன் காற்றுக்கு மேலாகக் கத்தினார். “யோகநாதனெண்டு பத்துப் பேர் இருப்பினம்.”

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். மெசின் இருபத்தைந்து கிலோவாவது இருக்கும். அதைக் கிணற்றுக்குள் இறக்கக் கயிறு வேண்டும். வீட்டில் கிடக்கும் ஆட்டுக் கயிறு போதாது. தடித்த கயிறு, அறுபதடியாவது. அப்படிக் கயிறு யார் வீட்டிலும் சும்மா கிடக்காது.

“ஹாட்வெயார் கடை!” என்று கத்தினேன். “கயிறு விக்கிற கடை எதெண்டு பாருங்கோ!”

சந்தியில் அப்படி ஒரு கடைதான் இருந்தது. உரிமையாளர் மர்சூக் காக்கா கதவின் இரண்டாவது பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“காக்கா, நேற்று ஆரும் நீளமாக் கயிறு வாங்கினவையோ?”

“இதென்ன, பொலிசோ?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துப் பலகையைக் கீழே வைத்தார். “ஓம், ஒரு பொடியன் வந்தான். எழுபதடி நைலோன். கப்பலா கட்டப்போறாய் எண்டு கேட்டன். இல்ல காக்கா, மெசினைக் குளிக்க விடப்போறன் எண்டான்.”

“ஆர் அவர்? எங்க இருக்கிறார்?”

“நம்ம யோகநாதன். மலைநாட்டில இருந்து வந்து குடியேறின ஆக்கள். கச்சான் போடுறவன். ரோட்டுக்குக் கிழக்கால போங்க, காட்டுப் பக்கம், நீலத் தாங்கி தெரியும்.”

“நம்பர் இருக்கோ?”

“இருக்கு. ஆனா அங்க சிக்னல் இல்ல தங்கச்சி. போன் பேசோணுமெண்டா ரோட்டுக்குத்தான் வருவான். நேத்தும் என்ட கடை வாசல்ல நிண்டுதான் ஏதோ வீடியோ இறக்கிக்கொண்டிருந்தான்.”

என் தலைப்பு மாற்றமும், என் பதில்களும், என் நம்பரும் அந்த வீட்டுக்குப் போகவே இல்லை. அங்கே போனது போனில் இறக்கி வைத்த பழைய வீடியோதான்.

“அவர் சாகப்போறார் காக்கா. ஓட்டோ இருந்தாக் கொண்டு வாங்கோ.”

அவர் ஏன் என்று கேட்கவில்லை. கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓட்டோவை நோக்கி ஓடினார்.

மண்பாதையில் பாதித் தூரம் போகும்போதே கேட்டது. வெளியில் ஓடும் மெசின் படபடவென்று நான்கு பக்கமும் சிதறும். கிணற்றுக்குள் ஓடும் மெசினின் சத்தத்துக்குப் போக ஒரே வழி மேலேதான். அது குடத்துக்குள் பேசுவதுபோல் அடைத்து, வானத்தைப் பார்த்து வரும். அப்படித்தான் வந்தது.

கச்சான் எனும் நிலக்கடலைச் செடிகளுக்கு நடுவே கிணறு. விளிம்பில் இருபது வயதிருக்கும் ஒருவன் போனைக் கையில் வைத்துக் குனிந்துகொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பெண், இடுப்பளவு உயரமான பாலைமரக் கட்டையில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். போனிலிருந்து ஒரு குரல் வந்தது. “அசையக்கூடாது,” என்று சொன்னது. என் குரல்.

அவன் நிமிர்ந்தான். முகம் மலர்ந்தது. “அட! வீடியோ அக்கா! அண்ணி, இங்க பாருங்க, வீடியோ அக்கா!”

“அண்ணை எங்க?”

“உள்ளதாங்க்கா. மெசின் மூணு தடவ நின்னு நின்னு இப்பதான் ஓடுது. நீங்க சொன்ன மாதிரியே அண்ணன் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருக்காரு. நாலு நிமிசம் ஆச்சு.”

எட்டிப் பார்த்தேன். இருபதடிக்குக் கீழே ஒரு மண் திட்டு. அதில் மெசின். மெசினுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தலையை மெசின் பக்கம் சரித்திருந்தார். பார்ப்பதற்கு உண்மையில் கவனமாகக் கேட்டுக்கொண்டிருப்பதுபோலவே இருந்தது.

“யோகநாதன்! ஏறுங்கோ! மேல ஏறுங்கோ!”

அசையவில்லை.

“அண்ணே!” தம்பி சிரிப்பு மாறாமல் கூப்பிட்டான். “அண்ணே, அக்கா வந்திருக்காங்க!” பிறகு அவனுக்கும் விளங்கியது. போனைப் போட்டுவிட்டு விளிம்பில் கால் வைத்தான். கீர்த்தனன் பாய்ந்து அவன் இடுப்பைப் பிடித்தார்.

“விடுங்க! எங்க அண்ணன்!”

“இறங்கினா நீரும் அப்பிடியே இருந்திடுவீர்! கீழ காத்தில்ல, நஞ்சு!” என்று கத்தினேன். அவன் உதைத்தான். கீர்த்தனனின் உதடு வெடித்தது, பிடியை விடவில்லை.

முதலில் மெசின் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஒவ்வொரு நொடியும் நஞ்சு கூடும். சுவிட்சை அணைக்க யாரும் இறங்க முடியாது. ஆனால் பெற்றோல் எஞ்சினுக்கு ஓடக் காற்று வேண்டும், தீப்பொறி வேண்டும். தண்ணீர் இரண்டையும் கெடுக்கும். மெசினுக்கு முதல் தண்ணீர் வார்க்க என்று ஒரு பிளாஸ்டிக் கான் நிறையக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். தூக்கி நேரே மெசின் மேல் ஊற்றினேன். முதல் வீச்சு சுவரில் போனது. இரண்டாவது விழுந்தது. மெசின் இருமியது, இருமியது, நின்றது.

அமைதி வந்ததும் அந்தப் பெண் பேசினாள். யோகநாதனின் மனைவி, முத்துலெட்சுமி. குரல் மிகவும் சின்னதாக வந்தது.

“அவரு இடுப்புல கட்டியிருக்குங்க.”

“என்ன?”

“இந்தக் கயிறு. மெசின் கயிறு வேற. மிச்சத்த வெட்டி அவரு இடுப்புல கட்டுனேன். வேணாம்னாரு. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. எனக்குக் கெணறுன்னா பயம். எங்க தேயிலைத் தோட்டத்துல கெணறே கெடையாது.”

அவள் கையிலிருந்த கயிற்றின் நுனியைப் பார்த்தேன். தண்ணீர் எப்படி ஏறுகிறது என்று அவளுக்குத் தெரியாது, பயம் மட்டும்தான் தெரியும். அந்தப் பயத்தில் நாற்பதடிக் கயிறு இருந்தது.

நான்கு பேரும் பிடித்தோம். கட்டையில் சுற்றியிருந்ததால், இழுத்த ஒவ்வொரு முழமும் திரும்ப வழுகவில்லை. அவர் திட்டின் விளிம்பில் ஒருதடவை சிக்கினார். தளர்த்தி, பக்கவாட்டில் ஆட்டி, மறுபடி இழுத்தோம். தலை சுவரில் மோதும் சத்தம் கேட்டது. முத்துலெட்சுமி அழவில்லை, எண்ணினாள். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எண்ணுவதுபோல ஒன்று, இரண்டு, மூன்று என்று. பதினேழில் அவருடைய கை வெளியே தெரிந்தது.

முகம் நல்ல சிவப்பாக இருந்தது. அது சுகத்தின் நிறமல்ல. காற்று வரும் பக்கமாகப் படுக்க வைத்தோம். மூச்சு இருந்தது, இடைவெளி விட்டு, யாரோ நினைவுபடுத்தினால் மட்டும் எடுப்பதுபோல இருந்தது. “எடுங்க, மாமா, எடுங்க,” என்று முத்துலெட்சுமி ஒவ்வொரு மூச்சுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். மர்சூக் காக்காவின் ஓட்டோ செடிகளை மிதித்துக்கொண்டு கிணற்றடி வரைக்கும் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்தார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பதை அது மெல்ல மெல்லத் தள்ளி வெளியேற்ற வேண்டும்; மணிக்கணக்காகும் என்று தாதி சொன்னாள். எனக்கு அது எப்படி நடக்கிறது என்று தெரியும். அன்றைக்கு முதல் தடவையாக, தெரிந்ததில் எந்தச் சந்தோசமும் வரவில்லை. வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். தம்பி கனகராஜ் எனக்கு எதிரே தரையில் இருந்தான். என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

“அக்கா,” என்றான் கடைசியில். “நீங்க ஏன் அத சொல்லல?”

“சொன்னனான். வெட்டிப்போட்டன்.”

“ஏன்?”

“காத்துச் சத்தம்.”

அவன் தலையை ஆட்டினான். அவனுக்கு அது விளங்கியதா என்று தெரியவில்லை. ஒரு மனிதனின் உயிரைவிட வீடியோவின் ஒலி துப்புரவாக இருக்க வேண்டுமென்று நினைத்தேன் என்பதுதான் அதன் பொருள்.

பின்னேரம் மூன்று மணிக்குத்தான் உள்ளே விட்டார்கள். யோகநாதன் கண் திறந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமூடியை விலக்கப் பார்த்தார். முத்துலெட்சுமி அவர் கையைத் தட்டிவிட்டாள். முகமூடிக்குள்ளிருந்தே கேட்டார்.

“தண்ணி ஏறுச்சாங்க்கா?”

“வாயப் பொத்துங்க,” என்றாள் அவர் மனைவி. அப்போதுதான் அவள் அழத் தொடங்கினாள்.

வெளியே வந்து போனைத் திறந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருந்தார்கள். என்ன செய்யப்போகிறேன், எந்த ஊரில் செய்யப்போகிறேன் என்று எழுதியவர் ஒருவர். மற்ற முந்நூற்றுப் பதினொரு பேரும் அப்படி ஒன்றும் எழுதவில்லை. அவர்களில் யாரிடம் ஆழக் கிணறு இருக்கிறது? யார் நாளைக் காலை என்று நினைத்துக் கயிறு வாங்கியிருக்கிறார்கள்? அவர்களைத் தேடிப் போக எனக்கு எந்தக் கடையும் தெரியாது.

இனி அந்தக் கருத்து தேவையில்லை. வீடியோவை அழித்தேன்.

பிறகு கீர்த்தனனிடம் போனைக் கொடுத்தேன். “பிடியுங்கோ. கை ஆடினாலும் பரவாயில்லை.” ஆஸ்பத்திரி மதிலோடு நின்றேன். பின்னேரக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு அறைந்தது. கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அந்த நாற்பத்தேழு நொடியைச் சொன்னேன், யோகநாதனைச் சொன்னேன், பழைய வீடியோவைப் பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்கும் சொல்லுங்கள் என்றேன். கீர்த்தனனின் கை ஆடியதில் படமும் ஆடியது. ஒன்றும் வெட்டாமல், “உர்ர்ர்” சத்தத்தோடு அப்படியே ஏற்றினேன்.

சிக்னல் இரண்டு கோடுதான். நாற்பத்தொரு சதவீதத்தில் நின்று, இறங்கி, மறுபடி ஏறியது. கனகராஜ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஏறி முடிந்தபோது அதன் கீழே பார்த்தவர்கள் பூச்சியம் என்று இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அந்தப் பூச்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.